35 இன்ச் டயர் போட்ட ராங்லருக்கு 4.88 கியர்: டென்வர் பக்கத்து கடை ஒண்ணு, என் ரிவ்யூ

மார்க்க முதல்லயே சொல்லிடறேன். வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, போன் எடுக்கறதுக்கு அஞ்சுக்கு ஒண்ணு. கடை பேர் போடல, நடுவுல கொஞ்சம் திட்டவும் போறேன், சின்ன கடை, வண்டி தூக்கி வைக்கற லிஃப்ட் மொத்தமே ரெண்டுதான், பாவம். இந்தப் பக்கம் இருக்கற நம்மாளுங்க கேட்டா தனியா சொல்றேன்.

வண்டி 2014 ஜீப் ராங்லர் ஜேகே அன்லிமிடட், சஹாரா, 3.6 பென்டாஸ்டார் எஞ்சின், 5 ஸ்பீடு ஆட்டோ. புதுசுல இருந்தே 3.73 ஆக்ஸில் (டிரைவ் ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து, நம்பர் கூடினா இழுவை கூடும்), முதல் ஓனர் 3.21 எடுக்காம விட்ட புண்ணியவான். வண்டிய 2.5 இன்ச் உசத்தின லிஃப்ட், 17 இன்ச் ரிம்முல 35 இன்ச் டயர், மேல ரூஃப் ரேக், முன்னாடி ஸ்டீல் பம்பர், வின்ச். பாக்க சூப்பரா இருக்கும், ஐ-70 ஹைவேல மேற்க மலையேற ஆரம்பிச்சா மட்டும் மானம் போகும். ஐசன்ஹோவர் டனல் கிட்டத்தட்ட 11,000 அடி உயரத்துல இருக்கு, அதுவரைக்கும் ஏத்தம்தான், என் வண்டி அஞ்சாவது கியருக்கே போகாது, போனாலும் அடுத்த வளைவுல நாலு, அப்பறம் மூணு, திரும்ப நாலுன்னு அலை பாயும், பக்கத்து லேன்ல ஒரு பழைய மினிவேன் சாவகாசமா தாண்டிப் போவான்.

இதுல நிறைய பேர் குழப்பிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. லிஃப்ட் பண்ணதால கியர் மாத்தணும்னு இல்ல, கியர் கணக்குல லிஃப்ட் வராது, டயர் விட்டம் மட்டும்தான் வரும் (லிஃப்ட் பண்ணா காத்து அதிகமா முட்டும், எடை ஏறும், அது வேற). கம்பெனில இருந்தே வந்த (ஸ்டாக்) சஹாரா டயர் 255/70 18, அது 32 இன்ச் சொச்சம். 35னு எழுதியிருக்கற டயர டேப் வச்சு அளந்து பாருங்க, நிறைய டயர் 34.5 பக்கம்தான் வரும். விட்டம் ஏறினா ஒரே எஞ்சின் சுத்துக்கு வண்டி இன்னும் கொஞ்சம் அதிக தூரம் போகணும், அதாவது நீங்க கேக்காமலே வண்டிக்கு உயர் கியர் மாட்டி விட்டாச்சு. 3.73 பேருக்குத்தான் 3.73, 34.5 இன்ச் டயரோட அது கிட்டத்தட்ட 3.47 மாதிரி வேல செய்யும். 65 மைல் வேகத்துல டாப் கியர்ல ஸ்டாக் டயர்ல 2,100 ஆர்பிஎம் வந்த எஞ்சின் இப்ப 1,960ல நிக்கும், பென்டாஸ்டார் எஞ்சின் 4,800 ஆர்பிஎம்லதான் முழு டார்க்கும் (இழுவிசை) குடுக்கும், 2,000க்கு கீழ வச்சு மலை ஏத்தச் சொன்னா அது என்னதான் பண்ணும்.

சரி, பழைய நிலைமைக்கு வரணும்னா கணக்கு சிம்பிள், 3.73ஐ 34.5ஆல பெருக்கி 32.06ஆல வகுத்தா 4.01, அப்ப 4.10 போதும். இப்படித்தான் நான் முதல்ல போன வேற ஒரு கடைல (பேர் வேண்டாம்) கவுன்டர்ல இருந்த பையன் ஒட்டி வச்ச டயர்-கியர் சார்ட்ட காட்டி "4.10 இல்லன்னா 4.56, பச்சை கட்டத்துல இருக்கு பாருங்க"ன்னு சொன்னான், எங்க ஓட்டுறீங்க, எவ்ளோ எடை, ஒண்ணும் கேக்கல.

இந்தக் கடைக்காரர் எடுத்த எடுப்புல கேட்டதே அதுதான். வீடு எங்க, வார இறுதில எங்க போவீங்க, ட்ரெய்லர் இழுப்பீங்களா, 37 போடற ஆசை இருக்கா, வண்டிய எடை போட்டீங்களா. அவர் சொன்ன கணக்கு இது: சார்ட்டு எல்லாம் கடல் மட்டத்துல சமதளத்துல ஓட்டுறவனுக்குப் போட்டது, டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமாரா 3 சதவீதம் பவர் விடும், டென்வரே 5,280 அடி, டனல் வாசல்ல உன் 285 குதிரைல 200 மிஞ்சினா பெருசு, அதோட பெரிய டயர் கனம் வேற, கனம் சுத்துற எடத்துல ஏறினா சும்மா மேல ஏத்தின கனத்தவிட வண்டிய அதிகமா இழுத்துப் பிடிக்கும். அதனால உனக்கு 4.88. இதே வண்டி ஹூஸ்டன்ல இருந்தா 4.56 போட்டு அனுப்பியிருப்பேன்னாரு. எனக்கு அந்த ஒரு வார்த்தையிலயே ஆளு பிடிச்சுப் போச்சு, ஏன்னா நம்பர் விக்கற ஆள் இல்ல, வண்டி எந்த ரோட்டுல ஓடப்போகுதுன்னு கேக்கற ஆள்.

5.13 ஏன் வேண்டாம்னு நானே கேட்டேன். அவர் பெஞ்சுல கிடந்த ரெண்டு பழைய பினியன (டிரைவ் ஷாஃப்ட் பக்கத்து சின்ன பல்சக்கரம்) எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சாரு. ஒண்ணுல 11 பல்லு, அது 3.73, அது சுத்தி விடற பெரிய சக்கரமான ரிங் கியர்ல 41 பல்லு, 41ஐ 11ஆல வகுத்தா அந்த நம்பர்தான். இன்னொண்ணு 4.88, 8 பல்லு, ரிங் 39. கைல வச்சுப் பாத்தாத்தான் தெரியுது, 4.88 பினியனோட தலை எவ்ளோ சின்னதா இருக்குன்னு, ரேஷியோ ஏற ஏற பினியன் தலை சிறுக்கும், எந்த நேரத்துலயும் ஒண்ணோட ஒண்ணு கவ்வியிருக்கற பல்லும் குறையும். சஹாராவுக்கு பின்னாடி டானா 44 ஆக்ஸில், அது தாங்கும், முன்னாடி அதவிட சின்ன டானா 30தான், ஆஃப்-ரோடுக்குன்னே வர்ற ரூபிகான் மாடல் மாதிரி முன்னாடியும் 44 இல்ல, அதுல 5.13 போட்டு பாறைல ஸ்டீயரிங்க முழுசா திருப்பி மிதிச்சா என்னாகும்னு அவர் ஒரு பல்லு போன ரிங் கியரையும் காட்டினாரு. போதும் சாமின்னு 4.88க்கு கையெழுத்து போட்டேன்.

வேலை எப்படின்னா, ரெண்டு ஆக்ஸிலும் மாத்தணும், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு வேற வேற ரேஷியோ இருந்தா ஃபோர் வீல் போட்ட நிமிஷம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்திய பிரிக்கற பெட்டி) முறுக்கிக்கும். ரிங், பினியன், பேரிங், சீல், ஷிம் (இடைவெளி சரி பண்ற மெல்லிசு தகடு) எல்லாம் புதுசு. பழைய பேரிங்க திரும்பப் போட்டு காசு மிச்சம் பண்ற கடையும் இருக்கு, அங்க போகாதீங்க. சில ஆக்ஸில்ல குறிப்பிட்ட ரேஷியோவ தாண்டினா கேரியரே (ரிங் கியர தாங்கற கூடு) மாத்த வேண்டி வரும், கொட்டேஷன் வாங்கும்போதே உங்க வண்டிக்கு அது உண்டா இல்லையான்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

ரெண்டாம் நாள் மதியம் நான் போய் நின்னப்ப பின் டிஃப்ரன்ஷியல் (இந்த கியர் உக்காந்திருக்கற பகுதி) கவர் திறந்து இருந்துச்சு. ரிங் கியர் பல்லுல மஞ்சள் பேஸ்ட் தடவி கையால சுத்தி, பினியன் பல்லு எங்க படியுதுன்னு டார்ச் அடிச்சுப் பாக்கறாரு, தடம் பல்லோட நடுவுல விழணும், மேல ஏறியும் இருக்கக்கூடாது, அடில இறங்கியும் இருக்கக்கூடாது. அவருக்கு திருப்தி இல்ல. பினியன திரும்ப வெளிய எடுத்து, பேரிங்க ப்ரெஸ்ல கழட்டி, ஒரு மெல்லிசு ஷிம் மாத்தி, திரும்ப மாட்டி, திரும்ப மஞ்சள். டயல் கேஜ் வச்சு பேக்லாஷ் (ரெண்டு கியர் பல்லுக்கும் நடுவுல இருக்கற ஆட்டம்) பாத்தா 7 தௌ (இன்ச்சுல ஆயிரத்துல ஏழு பங்கு), 6ல இருந்து 10க்குள்ள இருந்தா சரியாம். பேச்சே இல்ல, ரேடியோ மட்டும் ஓடுது. கியர் ரீங்கரிக்கற சத்தம் வந்து பின்னாடி ஆயிரம் டாலர் தண்டம் கட்டறது எல்லாம் இந்த ஒரு ஷிம் மாத்த சோம்பேறித்தனம் பட்டதாலதான் வருது, பார்ட்ஸ் எந்த பிராண்டுன்னு சண்டை போடறவங்க மாட்டினது யாருன்னு கேக்கறதே இல்ல.

பில் 2,400 டாலர் சொச்சம், ரெண்டு ஆக்ஸிலுக்கும், பார்ட்ஸ் லேபர் ஆயில் எல்லாம் சேர்த்து. கம்மி இல்ல. "ஷாப் சப்ளைஸ்"னு தனியா ஒரு வரி போட்டிருந்தாரு, துணியும் க்ளீனரும் வாங்கினதுக்கு என்கிட்ட ஏன்யா காசுன்னு கேக்கத் தோணுச்சு, அந்த பினியன ரெண்டு தடவ கழட்டினதுக்கு எக்ஸ்ட்ரா போடலயேன்னு விட்டுட்டேன்.

இப்ப திட்டு. ரெண்டு நாள்னு சொன்ன வேலை ஒரு வாரம் ஆச்சு, முன் ஆக்ஸில் சீல் தப்பா வந்துருச்சாம், சரி நடக்கறதுதான், அத ஒரு மெசேஜ் போட்டு சொல்லலாம்ல? போன் அடிச்சா எடுக்கறதில்ல, வாய்ஸ்மெயில் ஃபுல். நேர்ல போனா தங்கமான மனுஷன். இன்னொண்ணு, ப்ரேக்-இன் (புது கியர மெல்ல பழக்கறது) பத்தி வாயால மட்டும் சொன்னாரு, பேப்பர்ல ஒண்ணும் குடுக்கல, புதுசா பண்றவங்க இத மறந்துட்டா கியர் காலி. முதல் 15, 20 மைல் மெதுவா ஓட்டிட்டு நிறுத்தி நல்லா ஆற விடணும், முதல் 500 மைல் வரைக்கும் மிதிக்கறது, ட்ரெய்லர் கட்டறது எதுவும் கூடாது, 500ல ஆயில் மாத்தணும். பழைய ஆயில்ல வெள்ளி பொடி மாதிரி கொஞ்சம் வரும், பயப்படாதீங்க, துண்டு துண்டா வந்தாத்தான் பிரச்சனை.

கம்ப்யூட்டர்லயும் டயர் அளவு, ஆக்ஸில் ரேஷியோ ரெண்டும் மாத்தணும், ஜேகேக்கு ஜேஸ்கேன் ஆப்பும் வண்டி கம்ப்யூட்டரோட இணைக்கற ஒரு ஓபிடி அடாப்டரும் இருந்தா வீட்டுலயே பண்ணலாம், கடைல பண்ணிக் குடுத்தாரு. ஆனா டயர் அளவு நேரா 35னு போட்டிருந்தாரு, ஜிபிஎஸ் கூட வச்சுப் பாத்தா ஸ்பீடோமீட்டர் ஒரு மைல் கூட காட்டுச்சு, நான் 34.5னு மாத்தின அப்பறம் ஒட்டிக்கிச்சு. இது ஒண்ணும் பண்ணாம ஓட்டறவங்க கவனிங்க, ஸ்டாக் செட்டிங்ல 35 போட்டு ஓட்டினா மீட்டர் 65 காட்டும்போது வண்டி 70ல போகும், டிக்கெட் உங்களுக்குத்தான்.

ஓட்ட எப்படி இருக்கு? வண்டி எடை குறைஞ்ச மாதிரி இருக்கு. 65ல இப்ப 2,560 ஆர்பிஎம், கொஞ்சம் எஞ்சின் சத்தம் கேக்கும், 75, 80ல ஓட்டறவங்களுக்கு அது எரிச்சலா இருக்கலாம், எனக்கு மலைல அஞ்சாவது கியர் நிக்குதே அது போதும். டனல் தாண்டி சில்வர்தோர்ன் இறக்கம் 7 சதவீதம், அங்க மூணாவதுல போட்டு விட்டா எஞ்சினே பிடிச்சுக்குது, ப்ரேக் வாசனை இல்ல. ட்ரெய்ல்ல லோ ரேஞ்சுல முதல் கியர் கணக்கு (சக்கரம் ஒரு சுத்து சுத்த எஞ்சின் எத்தன சுத்து) 36ல இருந்து 47க்கு மேல போச்சு, ரூபிகானோட 4க்கு 1 ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிட்ட வராது, ஆனா கல்லு மேல ஏறும்போது ப்ரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒண்ணா மிதிச்சு அல்லாடற வேலை போச்சு. மைலேஜ் ஏறும்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க, மலைல கொஞ்சம் திரும்பி வந்துச்சு, ஹைவேல அதே கதைதான், 35 போட்டப்ப போனது போனதுதான்.

33 டயர், 3.73 ஆக்ஸில்னா இவ்ளோ செலவு பண்ணாதீங்க, அப்படியே ஓட்டுங்க. 3.21 வச்சுக்கிட்டு 35 போட நினைக்கறவங்க டயர் காசையும் கியர் காசையும் ஒண்ணா சேர்த்து வச்சுட்டு ஆரம்பிங்க. இந்தக் கடைக்குப் போறதா இருந்தா போன நம்பாம நேர்ல போங்க, மார்ச்சுல போகாதீங்க, யூட்டால இருக்கற மோவாப்ல ஈஸ்டர் ஜீப் சஃபாரிக்கு முன்னாடி ஊர்ல இருக்கற அத்தன ஜீப்பும் அங்கதான் நிக்கும், நவம்பர்ல கேட்டா அடுத்த வாரமே ஸ்லாட் குடுப்பாரு.