கல்லோயாவா, குமணவா? மட்டக்களப்பிலிருந்து ஒரே நாளில் போய்வர

போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மா குடும்பத்துக்கு ஒரே ஆசைதான். காட்டு யானை பார்க்க வேண்டும், இரவு படுக்க வீட்டுக்கு வந்துவிடவும் வேண்டும். நம் பக்கத்துத் தேசியப் பூங்காக்களான கல்லோயாவுக்கும் குமணவுக்கும் வானும் வழிகாட்டியும் பிடித்து நான் போயிருக்கிறேன். யோசிக்காமல் அவர்களைக் கல்லோயாவுக்குத்தான் கூட்டிப்போனேன்.

முதல் காரணம் தூரம். குமணவுக்குப் போவதென்றால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் தாண்டி, பாணமைக்கும் அப்பால் உகந்தை வரை போக வேண்டும். ஏறக்குறைய 140 கிலோமீற்றர். காட்டுக்குள் வான் ஓடாது, அங்கே ஜீப்புக்கு மாற வேண்டும். கல்லோயாவுக்குக் காரைதீவில் திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகலை போய்ச் சேர்ந்தால் போதும். வானை விட்டு இறங்கிப் படகில் ஏற வேண்டியதுதான். முழங்கால் வலி உள்ள பெரியம்மாவை ஜீப்பில் நாலு மணி நேரம் குலுக்குவதை நினைத்தும் பார்க்க முடியாது.

அந்தப் படகுப் பயணத்துக்கு ஈடாக இந்தப் பக்கத்தில் வேறொன்று இல்லை என்பேன். நம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டியதுதான் சேனநாயக்க சமுத்திரம். அந்த நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காக்கவே 1954இல் கல்லோயாவைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியபோது குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக மிஞ்சின. அந்தத் தீவுகளில் புல் தேடி யானைகள் நீந்திப் போகின்றன. தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய ஒரு தாய் யானையும் குட்டியும் கடந்து போனபோது படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், யாரும் பேசவில்லை. போகிற எல்லா நாளும் இது கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கோடையில் தண்ணீர் வற்றி, கரையோரம் புல் முளைத்திருக்கும்போது யானை கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

இதற்காகக் குமண குறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பறவை பார்க்க விருப்பமென்றால் கல்லோயா அதன் கிட்டவும் வராது. வைகாசி, ஆனி மாதங்களில் குமண வில்லுக்குளத்துக் கண்டல் மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அப்புறம், பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே உகந்தை முருகன் இருக்கிறார். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்தக் காட்டுக்குள்ளால்தான் நடக்கிறார்கள். ஆனால் இதை ஒரே நாளில் திணிக்கக் கூடாது. ஒருமுறை எங்களைக் கூட்டிப்போனவர் காலை 5 மணிக்குப் புறப்பட்டால் போதும் என்றார். வழியில் சாப்பாடு, பிறகு ஜீப்புக்குக் காத்திருப்பு என்று இழுபட்டு, உள்ளே போகும்போது 11 மணி. உச்சி வெயிலில் மயில்களையும் எருமைகளையும் தவிர ஒன்றும் வெளியே நிற்கவில்லை. முதல் நாளே போய்ப் பொத்துவிலில் தங்கி, காலை 6 மணிக்கு வாசலில் நிற்க முடியுமென்றால் குமணவுக்குப் போங்கள்.

பொத்துவில் பக்கத்தில் லாகுகலை என்று இன்னொரு தேசியப் பூங்காவும் இருக்கிறது, ஆனால் அது சின்னக் காடு. அதற்கென்று தனிப்பயணம் தேவையில்லை, பொத்துவில் போகிறவர்கள் சேர்த்துப் பார்க்கலாம்.

இனி வழிகாட்டி. இப்படி வான் பிடித்துப் போகும்போது காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வான் சாரதியையே ‘கைட்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். காட்டுக்குள் கூட வருகிற வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் நல்ல விவரம் தெரிந்தவராக இருந்தாலும், எங்களுக்கு இரண்டு இடத்திலும் வாய்த்தவர்கள் சிங்களம் மட்டுமே பேசினார்கள். அதனால் தமிழில் விளக்கக்கூடிய ஆள் உள்ளேயும் வருவாரா, படகு அல்லது ஜீப் கட்டணமும் நுழைவுச்சீட்டும் பேசிய தொகைக்குள் அடங்குமா என்று முற்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவுகளுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு கூட. அதை வாசலில் வைத்துச் சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கல்லோயாவுக்குப் போகிறவர்கள் பின்னேரப் படகைக் கேட்டு வையுங்கள். பகல் சாப்பாட்டை அம்பாறையில் முடித்துவிட்டுப் போனால் வெயில் தாழும் நேரம் தண்ணீரில் இருக்கலாம், யானைகள் கரைக்கு வருவதும் அப்போதுதான்.