பிழை நாணயம்: எந்த வகையை நம்பி வாங்கலாம்?

தயாரிப்பில் தவறு நேர்ந்து வெளியே வந்துவிட்ட நாணயத்தைத்தான் சேகரிப்பவர்கள் பிழை நாணயம் என்கிறார்கள். நாணயம் தயாராவதில் மூன்று கட்டங்கள். தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி விளிம்பைத் தூக்குவார்கள். உருவத்தைப் பதிக்கும் அச்சைத் தனியாகச் செய்வார்கள். அப்புறம் காலர் என்ற வளையத்துக்குள் வில்லையை வைத்து இரண்டு பக்கமும் அச்சால் அடிப்பார்கள். பிழையும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் நுழைகிறது. அதனால் எதை வாங்கலாம் என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிழை எங்கே நடந்தது என்பதற்கான சாட்சி அந்த நாணயத்திலேயே இருக்கிறதா?

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது ஆஃப் சென்டர். வில்லை காலருக்குள் சரியாக உட்காராமல் நகர்ந்த நிலையில் அடி விழுந்தால் பாதிச் சிங்கமும் பாதி வெற்று உலோகமுமாக வரும். பார்க்க அசத்தலாக இருக்கும், விலையும் அப்படியே. லேசாக நகர்ந்ததற்குப் பெரிய மதிப்பு கிடையாது; பாதிக்கு மேல் நகர்ந்தும் ஆண்டு முழுதாகத் தெரிந்தால்தான் போட்டி. இதைச் சோதிக்கத் தராசு போதும். உலோகம் எதுவும் குறையவில்லை என்பதால், 2011 வரிசை 1 ரூபாயில் ஆஃப் சென்டர் என்றால் வழக்கமான 3.79 கிராம் அளவில்தான் இருக்க வேண்டும். காலர் பிடிக்காததால் உலோகம் பரவி, வட்டமும் கோணலாகியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிளிப். தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழுந்தால், பிறை வடிவத்தில் ஒரு ஓரம் காணாமல் போகும். இதை அரத்தால் ராவியும் செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது வெட்டுப்பட்ட இடத்தை அல்ல, அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தை. விளிம்பைத் தூக்கும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டுகிறது. ஒரு பக்கம் பள்ளம் வந்தால் எதிர்ப் பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு எழும்பாமல் மங்கிப்போகும். பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லாக் கிளிப்பிலும் இது தெளிவாகத் தெரியாது என்றாலும், தெரிந்தால் நல்ல சாட்சி. வெட்டை ஒட்டிய எழுத்துகளும் உலோகம் அந்தப் பக்கம் ஓடியதால் சற்று இழுபட்டிருக்கும். ராவிய நாணயத்தில் எழுத்து பாதியில் சுத்தமாக அறுந்து நிற்கும், எதிர் விளிம்பும் திடமாக இருக்கும்.

செலவு குறைவு என்று பார்த்தால் டை ரொட்டேஷன். அச்சின் பிடி தளர்ந்து அது சுழன்றுவிட்டால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்ந்தும் அடிபடும். இந்திய நாணயத்தைச் சிங்கம் நிமிர்ந்திருக்கப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்திருந்தால் எடுத்து வையுங்கள்; 180 டிகிரி சுழன்றது இன்னும் நல்லது. அமெரிக்க நாணயத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், அங்கே இரு பக்கமும் தலைகீழாக இருப்பதே வழக்கம்.

டபுள் டை (உருவம் இரட்டையாக விழுந்த அச்சு) கதை வேறு. இங்கே தவறு அச்சிலேயே இருப்பதால் அந்த அச்சில் அடித்த எல்லாமே ஒரே மாதிரி வரும். புகழ்பெற்றது அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட். அந்தக் காலத்தில் மூல அச்சை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தித்தான், நாணயத்தை அடிக்கும் வேலை அச்சைச் செய்தார்கள். ஒரு தடவை சற்றுத் திரும்பிவிட, ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாகின. அப்படி 20 ஆயிரத்துக்கும் மேல் புழக்கத்துக்குப் போய்விட்டன. கூடப்பிறந்தவை இத்தனை இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், விலையும் ஓரளவு நிலையானது. சிக்கல் என்னவென்றால், அடிக்கும்போது அச்சு அதிர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். லென்ஸில் பாருங்கள். உண்மையான டபுள் டையில் இரண்டு உருவமும் உருண்டு மேடாக இருக்கும், எழுத்தின் மூலைகள் பிளந்திருக்கும். அதிர்வால் வந்ததில் எழுத்தின் ஓரம் படிபோலத் தட்டையாகும். டபுள் டை என்று சொல்லி விற்பதில் நிறைய இந்த இரண்டாவது ரகம்தான், அதற்குக் கூடுதலாக எதுவும் தராதீர்கள்.

அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து எழுத்து விடுபட்டவையும் உண்டு. தேய்த்து அழித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். சில்லறையில் வந்தால் வைத்துக்கொள்வேன், காசு கொடுத்து வாங்க மாட்டேன்.