கிரைண்டர் சத்தத்துக்கு இயர்பட்ஸ் தாங்குமா? வடசென்னைப் பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

திருவொற்றியூர் ஃபேப்ரிகேஷன் ஷெட்டானாலும் சரி, காசிமேட்டில் இரும்புப் படகுக்குத் துரு தட்டும் இடமானாலும் சரி, வேலை செய்பவர் காதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். வயதில் பெரியவர் என்றால் பஞ்சு, இளைஞர் என்றால் புளூடூத் இயர்பட்ஸ். பஞ்சைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது ஏழெட்டு டெசிபலைக் குறைத்தாலே பெரிது. இயர்பட்ஸ் விஷயம் அப்படியல்ல. அதன் பெட்டியில் "ஏஎன்சி 45 டெசிபல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்; ஏஎன்சி என்பது வெளிச் சத்தத்தை எதிர் அலையால் அடக்கும் மின்னணு வசதி. பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஆரஞ்சு நிற ஃபோம் பிளக்கின் உறையிலோ 29 என்றுதான் இருக்கும். 45 பெரிதா, 29 பெரிதா என்று பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அந்த 45, ஏதோ ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆய்வகத்தில் கிடைத்த உச்சகட்ட அளவு. ஏஎன்சி வேலை செய்யும் விதம் இது: வெளியே உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கும், உள்ளே உள்ள சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியே விடும். இரண்டும் மோதி அடங்கும். ஜெனரேட்டர் உறுமல், பஸ் இன்ஜின் போன்ற நீண்ட அலைகளுக்கு இது அருமையாகப் பலிக்கும். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அலை குறுகிவிடுகிறது, எதிர் அலை சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பிளேட்டில் கிரைண்டர் பிடிக்கும்போது வரும் "கிரீச்" 2,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. இரைச்சலால் காது முதலில் கெடுவதும் 3,000 முதல் 6,000 வரையான பகுதியில்தான், குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸில். ஆக, ஏஎன்சி உறுமலை எடுத்துவிட்டு, காதைக் கெடுக்கும் கிரீச்சை அப்படியே விட்டுவைக்கிறது. உறுமல் போனதும் சத்தமே குறைந்துவிட்டதாக மனசுக்குத் தோன்றும். அதை நம்பித்தான் ஷிப்ட் முழுக்கக் கிரைண்டர் முன்னால் நிற்கிறார்கள்.

ஈஎன்சி என்று இன்னொன்றைப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் காதுக்கானதே அல்ல. நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்குப் பட்டறைச் சத்தம் கேட்காமல் மைக்கை வடிகட்டும் ஏற்பாடு. அதனால் காதுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சுழியம்.

ஃபோம் பிளக்கின் 29 என்பது என்ஆர்ஆர், அதாவது சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கான அமெரிக்க அளவு. பல அதிர்வெண்களில், மனிதர்களுக்கு மாட்டிப் பார்த்துக் கணக்கிட்டது. ஐரோப்பிய முறையில் எஸ்என்ஆர் என்று போடுவார்கள். 3எம் 1100 பிளக்குக்கு என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37. பிளக் அதேதான், அளக்கும் முறை வேறு. அதனால் ஒரு கடைக்காரர் 37 என்கிறார், இன்னொருவர் 29 என்கிறார் என்று குழம்ப வேண்டாம். ஒப்பிடும்போது என்ஆர்ஆரை என்ஆர்ஆரோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஆய்வக எண் பட்டறையில் முழுசாகக் கிடைக்காது. நடைமுறைக் கணக்கு: என்ஆர்ஆரில் 7 கழித்து, மீதியைப் பாதியாக்குங்கள். 29 என்றால் 11. கிரைண்டர் பக்கத்தில் 100 டெசிபல் என்றால் காதுக்குப் போவது 89. இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் காதுக்குப் பாதுகாப்பான கணக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம். எனவே 100 என்பது 89 ஆகும்போது, அந்த 15 நிமிடம் 3 மணி நேரமாக நீள்கிறது. நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை அனுமதிக்கின்றன. அது சட்டத்தின் எல்லை, காதின் எல்லை அதைவிடக் கீழே.

பிளக் ஜெயிப்பதும் தோற்பதும் மாட்டும் விதத்தில்தான். கையைக் கழுவித் துடைத்த பிறகு பிளக்கை விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல் குச்சி போல் மெலிதாக்குங்கள். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காதை மேலும் பின்னும் இழுங்கள். காதுக்குழாய் வளைவு நிமிரும். உடனே பிளக்கை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 30 விநாடி அழுத்திப் பிடித்திருங்கள். உப்பும் முன் கையை எடுத்தால் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் பாதிதான் போயிருக்கிறது, பாதுகாப்பும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சரிபார்க்க ஒரு வழி: சத்தத்தில் நின்றபடி இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக மூடி மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. கழற்றும்போது முறுக்கி மெதுவாக எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

ஃபோம் பிளக்கை ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஊறிய ஃபோம் திரும்ப உப்பாது. இரும்புத் தூள் பிடித்த விரலால் மறுபடி உருட்டினால் அந்தத் தூள் நேராகக் காதுக்குள் போகும். அரிப்பு, பூஞ்சை இரண்டும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய வேலை என்றால், கயிறு கோத்த சிலிக்கான் பிளக் நல்லது. என்ஆர்ஆர் கொஞ்சம் குறைவு, 25 பக்கம். ஆனால் தண்டைப் பிடித்து மாட்டலாம், கழுவலாம்.

காதை வெளியிலிருந்து முழுசாக மூடும் குஷன் வைத்த இயர் மஃப் மாட்டுவதில் பிழை குறைவு. அதனால் புதிதாக வேலைக்கு வரும் பையனுக்குப் பிளக்கைவிட மஃப்பே மேல் என்று சொல்வேன். 3எம் பெல்டார் எக்ஸ்5ஏ போன்ற பெரிய மஃப்புக்கு என்ஆர்ஆர் 31. குறை, எடையும் வேர்வையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது கஷ்டம். இன்னொன்று, பாதுகாப்புக் கண்ணாடியின் கால் குஷனுக்கு அடியில் போனால் இடைவெளி விழுந்து சில டெசிபல் கசியும். மெலிதான கால் உள்ள கண்ணாடியாகப் பாருங்கள். குஷன் வியர்வையில் காய்ந்து கெட்டியானாலும் கசியும். அதை மட்டும் தனியாக மாற்றலாம், முழு மஃப்பையும் தூக்கிப் போட வேண்டாம். ஹெல்மெட் போடும் இடத்தில் ஹெல்மெட்டில் மாட்டும் மாடலை வாங்குங்கள். தலைப்பட்டையோடு வருவதை ஹெல்மெட்டுக்கு மேல் போட்டால் இரண்டுமே சரியாக உட்காராது.

பாட்டும் வேண்டும், போனும் வேண்டும், காதும் தப்ப வேண்டும் என்பவர்களுக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது: பாதுகாப்பு அளவீடு பெற்ற புளூடூத் சாதனங்கள். ஐசோட்யூன்ஸ் ப்ரோ 2.0-வுக்கு என்ஆர்ஆர் 27, 3எம் ஒர்க்டியூன்ஸ் கனெக்ட் மஃப்புக்கு 24. முதலாவது ஃபோம் முனை வைத்துக் கழுத்துக்குப் பின்னால் ஒயர் போகும் ரகம், இரண்டாவது மஃப். ஏஎன்சியை நம்பாமல் அடைப்பை நம்புகின்றன. சார்ஜ் தீர்ந்தாலும் பாதுகாப்பு போகாது. சாதாரண இயர்பட்ஸில் சார்ஜ் தீர்ந்தால் ஏஎன்சியும் போய்விடும், மிஞ்சுவது மெல்லிய சிலிக்கான் முனை மட்டும்.

இவற்றில் பாட்டின் சத்தம் 85 டெசிபல் அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள். 85-ல் 8 மணி நேரம் பாட்டு கேட்டால், பட்டறைச் சத்தமே இல்லாமல் ஒரு நாள் பங்கு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. 100 டெசிபல் இடத்தில் என்ஆர்ஆர் 27 உள்ளதைப் போட்டால் காதில் 90. அதன் மேல் 85-ல் பாட்டு சேர்ந்தால் 91. இரண்டரை மணி நேரம் நிற்கலாம் என்பது இரண்டு மணியாகச் சுருங்கும். ஆகவே பாட்டைப் பாதி அளவில் வையுங்கள், கிரைண்டர் பிடிக்கும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். இந்த ரகம் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கேட்கும்போது பெட்டியில் என்ஆர்ஆர் அல்லது எஸ்என்ஆர் எண்ணும், ஆன்சி எஸ்3.19 அல்லது ஈஎன் 352 என்ற தரக் குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பெட்டி எவ்வளவு விலை என்றாலும் பாட்டுக் கருவிதான்.

விலை உயர்ந்த இயர்பட்ஸ் என்றால்? ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-வில் காதுப் பாதுகாப்பு வசதி 2024-ல் வந்தது. ஆனால் துப்பாக்கி, வெடி, ஜாக்ஹாமர் போன்ற திடீர்ச் சத்தங்களுக்கும், 110 டெசிபலுக்கு மேல் தொடரும் சத்தத்துக்கும் இது பொருந்தாது என்று அந்த நிறுவனமே எழுதியிருக்கிறது. பிளேட்டைச் சுத்தியலால் அடிப்பதும், துருவும் கசடும் தட்டி எடுக்கும் சிப்பிங் ஹாமரும் அந்த வகைச் சத்தம்தான்.

பட்டறைக்காரர் கட்டாயம் யோசிக்க வேண்டிய இன்னொன்று இரும்புத் தூள். இயர்பட்ஸ் ஸ்பீக்கருக்குள்ளும் கேஸுக்குள்ளும் காந்தம் இருக்கிறது. கிரைண்டர் தூள் அந்த வலையில் மீசை போல ஒட்டிக்கொள்ளும். பாட்டு ஒரு பக்கம் கம்மிவிடும், தூள் காதுக்குள்ளும் உதிரும். பெட்டியில் தூசி, தண்ணீர் தாங்கும் திறனுக்கான குறியீடு ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால், அந்த எக்ஸ் தூசிக்குச் சோதிக்கவில்லை என்பதற்கான அடையாளம். ஐபி67-ல் உள்ள 6 தான் தூசி புகாது என்பதற்கு. காசிமேடு, எண்ணூர் உப்புக் காற்றில் சார்ஜ் ஏறும் பின்களும் பச்சை பூத்துப்போகும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒட்டிய தூளை ஊதினால் இன்னும் உள்ளே போகும், செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள்.

எந்த வேலைக்கு எது? விசைப்படகு இன்ஜின் அறைக்கு மஃப், நீண்ட நேரம் உள்ளே இருக்க வேண்டியிருந்தால் அதற்கு அடியில் ஃபோம் பிளக்கும். இரண்டையும் சேர்த்தால் இரண்டின் எண்ணும் கூடிவிடாது, பெரியதன் மேல் 5 டெசிபல் அளவு கூடும், அவ்வளவுதான். சிப்பிங்குக்கும், மின்பொறியால் உலோகத்தை உருக்கிக் குடையும் ஆர்க் கௌஜிங்குக்கும் இதே இரட்டை ஏற்பாடு. வெல்டிங் பொறி காதில் விழாமல் பிளக் தடுப்பது கூடுதல் லாபம். லேத், டிரில்லிங் மட்டும் என்றால் சிலிக்கான் பிளக்கோ அளவீடு பெற்ற புளூடூத்தோ போதும். அங்கே பெரிய மஃப் போட்டால் காதுக்கு வரும் சத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, மெஷின் சத்தம் மாறுவதும் கேட்காது, "அண்ணே, கையை எடு!" என்று ஹெல்பர் கத்துவதும் கேட்காது. எண்ணூர், திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுகளில் நடமாடுபவர் ஏஎன்சி இயர்பட்ஸ் போடவே கூடாது. ரிவர்ஸ் வரும் டிரெய்லரின் இன்ஜின் உறுமலைத்தான் அது முதலில் அழிக்கும். மணலி ஆலைகளில் தீப்பிடிக்கும் வாயு இருக்கும் பகுதிக்கு, அதற்கெனச் சான்று பெறாத எந்த புளூடூத் சாதனமும் போகக் கூடாது. அங்கே பிளக்கும் சாதாரண மஃப்பும்தான். ஏஎன்சி இயர்பட்ஸுக்கு ஒரே நல்ல இடம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்.

எதைப் போட்டாலும் கழற்றும் நேரம்தான் கணக்கைக் கெடுக்கும். 30 டெசிபல் முழுசாகக் குறைக்கும் ஒன்றை 8 மணி நேர ஷிப்டில் அரை மணி மட்டும் கழற்றியிருந்தால், நாள் முழுக்கக் கிடைத்த பாதுகாப்பு 12 டெசிபலுக்கு விழுகிறது. பத்து நிமிடம் கழற்றினாலே 17-க்கு வந்துவிடும். போன் வந்தால் ஷெட்டுக்கு வெளியே போய்க் கழற்றுங்கள்.

அளவுமானி இல்லாத இடத்தில், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஷிப்ட் முடிந்து காதில் "ங்கொய்" என்று கேட்டால், அன்று போட்டது போதவில்லை. ஆடியோகிராம் (செவித்திறனை அளந்து காட்டும் தாள்) எடுக்க ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம், இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு. வேலைச் சத்தத்திலிருந்து 14 மணி நேரமாவது விலகியிருந்த பிறகு எடுங்கள், திங்கட்கிழமை காலை வேலைக்கு முன் என்றால் பொருத்தம். தாளில் 4,000 ஹெர்ட்ஸ் புள்ளி பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய். நஷ்டஈடு கேட்கும்போது பழைய ஆடியோகிராம்தான் கேள்விக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த வருஷத்துத் தாளையும் அதன் பின் ஆண்டுதோறும் எடுத்ததையும், சம்பளச் சீட்டோடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.