கார்ட் கடனை முடிக்கத் தரகர் தேவையா? கொழும்புக் கணக்கில் நாலு வழிகள்

"ஐந்து இலட்சம் கடனா? மூன்று இலட்சத்தோடு முடித்துத் தருகிறோம். வங்கி இனி உங்களுக்குப் போன் எடுக்காது." மாதக் கடைசியில் கிரெடிட் கார்டுக்கு மினிமம், அதாவது குறைந்தபட்சத் தொகை, கட்டவே வழியில்லாமல் நிற்கிறவருக்கு இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், கீழே இருக்கும் வட்ஸ்அப் இலக்கத்தை அழுத்தத்தான் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18% என்று உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது. அந்த வருடமே வட்டி 36% வரை ஏறியது. 18% என்று நம்பிப் பொருள் வாங்கியவர் 36% கணக்கில் கட்ட வேண்டி வந்தது. பிறகு வட்டி இறங்கினாலும், அப்போது ஏறிய நிலுவை பல வீடுகளில் இன்னும் இறங்கவில்லை.

இந்த 'முடித்துத் தரும்' தொழிலின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே அதற்கு 'டெட் செட்டில்மென்ட்' என்று பெயரும் உண்டு, சட்டமும் உண்டு, வழக்குகளும் உண்டு. இங்கே அது விளம்பரமாகவோ, 'வங்கிக்குள் ஆள் இருக்கிறது' என்று சொல்லும் தெரிந்தவராகவோ வரும். அதை மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பொதுக் கணக்கு எடுத்துக்கொள்வோம்: நிலுவை 500,000 ரூபா, வட்டி ஆண்டுக்கு 26%. முதல் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 10,800 ரூபா. மினிமம் 5% என்றால் 25,000. உங்கள் கார்டின் வட்டி வேறாக இருக்கலாம், அதைப் போட்டுக் கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள்.

தரகர் வழி

அமெரிக்கக் கம்பனி செய்வது இதுதான். முதலில் கார்டுக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்லும், அல்லது நிறுத்தும்படியான நிலைக்குக் கொண்டுவரும். அந்தக் காசை மாதாமாதம் தனிக் கணக்கொன்றில் போடச் சொல்லும். கடன் பல மாதம் தவறி, வங்கி 'வந்தது போதும்' என்ற மனநிலைக்கு வந்தபின், சேர்ந்த காசைக் காட்டிப் பேரம் பேசும். கட்டணம் பெரும்பாலும் அதனிடம் ஒப்படைத்த கடன் தொகையில் 15 முதல் 25% வரை. இரண்டு முதல் நாலு வருடம் இழுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, வங்கி ஏன் இறங்கி வருகிறது என்பது. தரகரின் வாய்ச்சாமர்த்தியம் அல்ல காரணம். நீங்கள் கட்டாமல் விட்டதுதான் காரணம். தள்ளுபடிக்கான விலையை உங்கள் பெயரால், உங்கள் கடன் பதிவால் நீங்களே கொடுத்தாயிற்று. அதற்கு மேல்தான் அவருக்கும் கொடுக்கிறீர்கள்.

எங்கள் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு வருடம் ஒன்றும் கட்டாவிட்டால் 500,000 ரூபா வட்டியோடு ஏறத்தாழ 646,000 ஆகும். தாமதக் கட்டணங்களை நான் சேர்க்கவில்லை. வங்கி 60 வீதத்துக்கு ஒத்துக்கொண்டால் 388,000. தரகர் ஆரம்பக் கடனில் 20% எடுத்தால் 100,000. மொத்தம் 488,000. விளம்பரத்தில் 'நாற்பது வீதம் தள்ளுபடி' என்று வரும். ஆரம்பத்தில் இருந்த கடனோடு ஒப்பிட்டால் கையில் மிஞ்சியது 12,000 ரூபா.

அந்த 488,000 ஐ ஒரு வருடத்தில் சேர்க்க மாதம் 40,700 ரூபா ஒதுக்க வேண்டும். அவ்வளவு ஒதுக்க முடிந்தவர் அதையே கார்டுக்குக் கட்டினால், வேறு எந்தச் சலுகையும் இல்லாமல், பதினைந்து மாதத்துக்குள் முழுக் கடனும் முடிந்துவிடும். ஒரு இலட்சம் போலக் கூடச் செலவாகும், உண்மைதான். ஆனால் தவறிய தவணை இல்லை, வழக்கு இல்லை. சரி, அவ்வளவு ஒதுக்க முடியாதவர் என்றால் இரண்டு வருடம் எடுப்பார். அப்போது நிலுவை 836,000 ஐத் தாண்டும். அதன் 60% ஏறக்குறைய 502,000, தரகர் காசோடு 602,000. எடுத்த கடனைவிடக் கூட. வங்கி இன்னும் அதிகமாகத் தள்ளுபடி தந்தால் இந்தக் கணக்கு மாறும்தான். தரும் என்று எந்தத் தரகரும் எழுதித் தரமாட்டார்.

இந்தத் தொழிலின் குறைகள் அமெரிக்காவில் பகிரங்கமாக வந்தது 2010 இல். அந்நாட்டுக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம், கடன்பட்டவர் போல நடித்து இருபது கம்பனிகளுக்குப் போன் எடுத்தது. பதினேழு கம்பனிகள், கடன் எதுவும் முடியுமுன்பே கட்டணம் எடுப்போம் என்றன. அந்த வருடமே மத்திய வர்த்தக ஆணைக்குழு விதி கொண்டுவந்தது: தொலைபேசி வழி விற்கப்படும் சேவை என்றால், குறைந்தது ஒரு கடனாவது தீர்ந்து, அதற்கு வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டு, ஒரு தவணையாவது கட்டியபின்தான் கட்டணம் எடுக்கலாம். தனிக் கணக்கில் இருக்கும் காசு வாடிக்கையாளருடையது, எப்போதும் அபராதமின்றித் திருப்பி எடுக்கலாம். நல்ல விதி. அப்படியும், முன்கூட்டியே கட்டணம் எடுத்ததாக ஒரு கம்பனிமேல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகமும் சில மாநிலங்களின் சட்டமா அதிபர்களும் 2024 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள்.

இணையத்தில் இதைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தப் பாதுகாப்பெல்லாம் இங்கேயும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த விதி கொழும்பில் செல்லாது. இலங்கை மத்திய வங்கி உரிமம் கொடுப்பவற்றில் வங்கி உண்டு, நிதிக் கம்பனி உண்டு, நுண்நிதிக் கம்பனி உண்டு. 'கடன் தீர்த்துத் தரும் கம்பனி' என்று ஒரு வகை இல்லை. ஆகவே முற்பணம் கொடுத்தால் அது நம்பிக்கைமேல் கொடுத்த காசு. அதோடு அடையாள அட்டைப் பிரதி, கார்ட் இலக்கம், சில நேரம் ஓடிபி (வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்) வரை கேட்பார்கள். ஓடிபி கேட்ட இடத்தில் பேச்சை நிறுத்துங்கள். கடனைத் தீர்க்க அது யாருக்கும் தேவையில்லை.

'கிரிப்பில் இருந்து பெயரை எடுத்துத் தருகிறோம்' என்பது இதே கடையின் இன்னொரு சரக்கு. யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்ற பதிவை வைத்திருக்கும் கொடுகடன் தகவல் பணியகம், அதாவது நாங்கள் கிரிப் என்று சொல்வது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதிலுள்ள தகவலைக் கொடுப்பது கடன் தந்த நிறுவனம்தான். பிழை இருந்தால் அந்த நிறுவனம் ஊடாகத்தான் திருத்தப்படும். உண்மையிலேயே தவறிய தவணையை வெளியாள் ஒருவர் அழிக்க முடியாது. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம், சிறு கட்டணம்தான்.

கட்டாமல் விடுவதால் வரும் மற்ற ஆபத்து புதுக்கடை நீதிமன்றத்தில் இருக்கிறது. கார்ட் கடனுக்கு ஈடு இல்லை, அதனால் வங்கி நேரே வீட்டைப் பிடிக்க முடியாது, வழக்குத்தான் போட வேண்டும். ஆனால் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் வங்கிக்குக் குறுக்குவழி ஒன்று தருகிறது. சத்தியக் கடதாசியோடு வழக்கை வைத்து முதற்கட்டத் தீர்ப்பாணையை எடுத்துவிடலாம். எதிர்த்து வாதாடவே நீங்கள் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 'வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் எங்களிடம் தாருங்கள்' என்று சொல்லும் தரகர், இந்த அழைப்பாணையையும் பிரிக்காமல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வங்கியோடு நேரே

தரகர் செய்வதாகச் சொல்லும் அதே வேலையை நீங்கள் காசில்லாமல் செய்யலாம். கிளைக்குப் போனால் கார்ட் பிரிவுக்கு அனுப்புவார்கள், அங்கே போனால் அறவீட்டுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அலைச்சல்தான். ஆனால் முடிவெடுக்கிறவர் அந்த அறவீட்டுப் பிரிவில்தான் இருக்கிறார், தரகரும் கடைசியில் அவருக்குத்தான் போன் எடுப்பார்.

போகுமுன் ஒரு கடிதம் எழுதுங்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஏன் தவறியது, மாதம் எவ்வளவு கட்ட முடியும். நோயென்றால் வைத்தியசாலைப் பற்றுச்சீட்டு, வேலை போனதென்றால் அந்தக் கடிதம். கெஞ்சல் தேவையில்லை, இலக்கம் தேவை. இரண்டு விதமாகக் கேட்கலாம்: வட்டியைக் குறைத்துத் தவணையாக்குவது, அல்லது ஒரே தொகையாகக் கட்டி முடிக்கக் கழிவு. கடன் அதிகம் தவறாத நிலையில் முதலாவது கிடைக்கும் வாய்ப்புக் கூட. இரண்டாவது, பல மாதம் தவறிய கடனுக்குத்தான் பெரும்பாலும் வரும், கையில் காசும் இருக்க வேண்டும். கழிவில் முடித்த கடன் முழுதாகக் கட்டிய கடனைப் போலப் பதிவில் நிற்காது என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறைப்பாடு. அப்புறம் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவு, 1935 க்கு அழைக்கலாம். இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார், அதற்கும் கட்டணம் இல்லை. இவர்கள் உங்களுக்குத் தள்ளுபடி வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிழையாகப் போட்ட கட்டணம், அறவீட்டு ஆட்கள் அலுவலகத்துக்கு வந்து மானத்தை வாங்குவது போன்றவற்றுக்கு இவை உதவும். மத்தியஸ்த சபையிலிருந்து அழைப்பு வந்தால் போகாமல் விடாதீர்கள். சட்டத்தரணி இல்லாமலே உட்கார்ந்து தவணை பேசக்கூடிய இடம் அது.

தவணையாக்குவது, அல்லது வேறு கடன் எடுத்து அடைப்பது

இன்னும் தவறவில்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது என்பவருக்கு என் முதல் தெரிவு இதுதான். அதே 500,000 ஐ, பேச்சுக்கு 15% வட்டியில் 24 மாதத் தவணையாக்கினால் மாதம் ஏறக்குறைய 24,250 ரூபா. இப்போது மினிமமாகக் கட்டுகிற 25,000 ஐவிடக் குறைவு! மொத்தம் 582,000 போல வரும், இரண்டு வருடத் தரகர் கணக்கைவிட இருபதாயிரம் குறைவு. பதிவும் சுத்தமாக இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'வட்டி இல்லை, கையாளும் கட்டணம் மட்டும்' என்றால் அந்தக் கட்டணம் ரூபாவில் எவ்வளவு, முன்னமே முடித்தால் திரும்ப வருமா? தனிநபர் கடன் எடுத்து அடைப்பதென்றால் பெரும்பாலும் பிணைக்கு ஆள் கேட்பார்கள். அங்கேதான் எனக்குத் தயக்கம். கார்ட் கடன் உங்கள் தலையோடு போகும். பிணை வைத்தால் நீங்கள் தவறும் நாளில் மச்சானின் கிரிப்பும் சேர்ந்து கெடும். இன்னொன்று, அடைத்த கார்டைப் பணப்பையில் வைத்திருந்தால் ஆறு மாதத்தில் இரண்டு கடன் இருக்கும். வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

நகை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பேச்சு வந்தால் வீட்டில் முதலில் எழும் யோசனை இதுதான். அடகு வட்டி கார்ட் வட்டியைவிடக் குறைவு, காசும் அன்றே கையில். ஆனால் ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றுகிறீர்கள். முன்பு தவறினால் போன் வரும், இப்போது தவறினால் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகும். சம்பளம் உறுதியாக வந்துகொண்டிருந்து, ஒரு வருடத்துக்குள் மீட்கத் திட்டமும் இருந்தால் மட்டும் செய்யலாம். வீட்டுக்காரிக்குச் சொல்லாமல் செய்வதைப் பற்றி நான் இங்கே எழுதத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு

கொழும்பில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒருவரின் கார்ட் கடனுக்கு யோசனை சொல்கிறவர்கள் நம்மில் நிறைய. அவர் 20,000 டொலர் கடனை 10,000 க்கு முடித்தால், கட்டணம் 25% என்றால் 5,000 தரகருக்கு. மன்னிக்கப்பட்ட 10,000 ஐ அந்நாட்டு வரித்துறை வருமானமாகப் பார்க்கும், 600 டொலருக்கு மேலென்றால் வங்கி அதற்குப் படிவமும் அனுப்பும். 22% வரி அடுக்கில் அது 2,200. ஆக 10,000 என்று சொன்னது 17,200 ஆகிறது. சொத்தைவிடக் கடன் கூடுதலாக இருந்தவருக்கு இந்த வரியில் விலக்கு உண்டு, அதைக் கேட்டுப் பெற வேண்டும். தவறிய தவணை ஏழு வருடம் பதிவில் நிற்கும். இலாப நோக்கற்ற கடன் ஆலோசனை நிலையங்கள் அங்கே இருக்கின்றன. அவை கடன் தொகையைக் குறைக்காது, வட்டியைக் குறைத்து மூன்று முதல் ஐந்து வருடத்தில் கட்ட ஒழுங்கு செய்யும், மாதக் கட்டணம் சிறிது.

ரொறன்ரோவில் என்றால் பேச்சே வேறு. உரிமம் பெற்ற திவால் பொறுப்பாளர் ஊடாகக் 'இவ்வளவுதான் கட்ட முடியும்' என்று கடன்பட்டவர் முன்மொழிவு ஒன்றைச் சட்டப்படி வைக்கலாம். அது பதிவானதும் வட்டியும் வழக்கும் நிற்கும். இந்தப் பாதுகாப்பைத் தனியார் தரகர் யாராலும் தர முடியாது. தமிழில் விளம்பரம் செய்கிறவர் பொறுப்பாளர்தானா, அல்லது பொறுப்பாளரிடம் அனுப்பிவிட்டு நடுவில் காசு எடுப்பவரா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

எந்த வழியில் முடித்தாலும், கட்டுமுன் வங்கியின் தலைப்புத்தாளில் கடிதம் வேண்டும்: எவ்வளவு கட்டினால், எந்தத் திகதிக்குள் கட்டினால், முழுக் கணக்கும் தீரும் என்று. காசை வங்கியில் உங்கள் கார்ட் கணக்குக்கே கட்டுங்கள், வேறொருவரின் கணக்குக்கு அல்ல. கட்டியபின் நிலுவை இல்லை என்ற கடிதம். இரண்டொரு மாதம் கழித்து கிரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கார்டின் நிலுவை பூச்சியமாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அந்தக் கடிதங்களோடு திரும்பவும் அறவீட்டுப் பிரிவுக்கு.