நாமா, நாங்களா? டெசிடிம் மென்பொருள் பற்றி ஒரு மதிப்பீடு

ஸ்பெயினின் பார்சலோனா பகுதியில் பேசப்படும் கத்தலான் மொழியில் ‘டெசிடிம்’ என்றால் ‘தீர்மானிக்கிறோம்’ என்று பொருள். அதைத் தமிழில் எழுவாயோடு சொல்ல முற்பட்டால் உடனே ஓர் இக்கட்டு எழுகிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ தீர்மானிக்கிறோமா, அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ தீர்மானிக்கிறோமா? கத்தலான் மொழியில் இந்த வேறுபாடு இல்லை. நகரத்தின் வருங்காலத்தைத் திட்டமிடுவதில் குடியிருப்போரைச் சேர்த்துக்கொள்வதற்காக உருவான இந்த மென்பொருளைச் சில வாரங்கள் துழாவிப் பார்த்ததில், இதை மதிப்பிட அந்த ஒரு கேள்வியே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்சலோனாவில் 2015-இல் ஆதா கொலாவு மேயரானார். வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர்களுக்காகப் போராடி அறியப்பட்டவர் அவர். 2011-இல் ஸ்பெயினின் சதுக்கங்களை நிறைத்த மக்கள் எழுச்சியின் அலையில் வந்தவர். அவருடைய நிர்வாகம் நகரத்தின் நான்காண்டுச் செயல்திட்டத்தை மக்களிடம் கேட்டு எழுத முடிவு செய்து, 2016 பிப்ரவரியில் இந்தத் தளத்தைத் திறந்தது. தொடக்கத்தில் மட்ரீத் மாநகராட்சியின் ‘கான்சுல்’ மென்பொருளை எடுத்தாண்டார்கள். பிறகு எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிடப்பட்டதால், எந்த நகராட்சியும் உரிமக் கட்டணம் இன்றி இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் 10,000-க்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் வந்தன. இவ்வளவு குவிந்தால் யார் படிப்பது என்ற கேள்வியை மென்பொருளை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஒருவர் புதிய முன்மொழிவை எழுதி முடித்ததும், அதையொத்தவை ஏற்கெனவே இருந்தால் அவற்றை எடுத்துக் காட்டி, அங்கேயே ஆதரவு தரலாமே என்று தளம் கேட்கிறது. பட்டியல் கலைத்துப்போட்ட வரிசையில் தோன்றுவதால், முதல் நாள் முந்திக்கொண்டவருக்கே எல்லா ஆதரவும் போய்ச் சேருவதில்லை. கருத்திடுபவர் தாம் உடன்படுகிறாரா, மறுக்கிறாரா என்பதைக் குறித்துவிட்டு எழுதலாம். ஒரு முன்மொழிவின் வாசகம் திருத்தப்பட்டால் பழைய வடிவமும் புதிய வடிவமும் அருகருகே நிற்கின்றன. நம் ஊர்களில் மனு கொடுத்துவிட்டு, அது எந்த மேசையில் எந்த வடிவில் கிடக்கிறது என்று தெரியாமல் நடந்தவர்களுக்கு, இந்தக் கடைசி வசதி ஒன்றே வியப்பாக இருக்கும்.

ஆனால் இந்த மென்பொருளின் உயிர் அங்கே இல்லை. முன்மொழிவுக்கு அலுவலர் தரும் பதிலில் இருக்கிறது. ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு முத்திரை. அதன் கீழே காரணம் எழுத ஓர் இடம். ஏற்கப்பட்டவை பிறகு ‘பொறுப்புரைத்தல்’ என்ற தனிப் பகுதிக்குச் செல்கின்றன. அங்கே ஒவ்வொரு பணியும் எத்தனை விழுக்காடு முடிந்திருக்கிறது என்பதை ஒரு பட்டை காட்டுகிறது. அந்தப் பணி எந்தெந்த முன்மொழிவுகளிலிருந்து பிறந்தது என்பதும் பின்னோக்கி இணைக்கப்பட்டிருக்கிறது. தெருவிளக்கு கேட்டவர் மூன்றாண்டு கழித்து வந்து பார்த்தாலும், தம்முடைய வாக்கியம் எந்தத் திட்டத்துக்குள் போய்க் கரைந்தது என்று கண்டுகொள்ளலாம். கருத்துக் கேட்பு என்ற பெயரில் உலகெங்கும் நடப்பவற்றில் பெரும்பாலும் கேட்பதற்கு ஒரு நாள் இருக்கிறது, பதில் சொல்வதற்கு ஒரு நாள் இருப்பதில்லை. இந்த மென்பொருள் அந்த இரண்டாவது நாளை வடிவமைப்பிலேயே வைத்திருக்கிறது. முதல் சுற்றில் வந்த முன்மொழிவுகளில் சுமார் 70 விழுக்காடு செயல்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டன என்று சொல்லப்படுகிறது. மாநகராட்சி எப்படியும் செய்யவிருந்த வேலைகளோடு ஒத்துப்போனவையும் இவற்றில் இருக்கும் என்பதால், இந்த எண்ணிக்கையை நான் சற்று ஒதுக்கியே வைத்துப் படிக்கிறேன்.

பணத்தைப் பங்கிடும் பகுதி வேறு வகையானது. ஒரு தொகை முன்னால் வைக்கப்படுகிறது. கடைக்குப் போய்க் கூடையில் சாமான் எடுப்பதுபோல் திட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொகை தீர்ந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றொன்றைச் சேர்க்க முடியும். பூங்காவும் வேண்டும், நடைபாதையும் வேண்டும், நூலகமும் வேண்டும் என்று கேட்கிற மனத்துக்கு, பற்றாக்குறை என்றால் என்ன என்பதை இது சொற்பொழிவு இல்லாமல் புரியவைக்கிறது. பார்சலோனா 30 மில்லியன் யூரோவை இப்படி ஒதுக்கியபோது, நகரப் பதிவேட்டில் உள்ள 14 வயது நிரம்பிய எவரும் வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தது. பெருந்தொற்றால் இடையில் நின்று 2021-இல் மீண்டும் தொடங்கியது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி இதே மென்பொருளை ‘ஓமாஸ்டாடி’ என்ற பெயரில் நடத்துகிறது. அங்கே வாக்களிக்கும் வயது இன்னும் குறைவு. பள்ளிச் சிறுவர்கள் கேட்பதும் நகரத்தின் தேவைதான் என்று ஒப்புக்கொண்ட நகரம் அது.

இணையம் இல்லாதவர்கள், எழுதத் தயங்குபவர்கள், முதியவர்கள் எல்லாரும் விடுபட்டுப்போவார்களே என்ற ஐயம் யாருக்கும் வரும். பார்சலோனாவின் விடை எளிமையானது: முதல் சுற்றிலேயே 400-க்கும் மேற்பட்ட நேரடிக் கூட்டங்களை நடத்தி, அங்கே பேசப்பட்டவற்றையும் தளத்தில் ஏற்றினார்கள். ஒரு முன்மொழிவு தனியாளிடமிருந்து வந்ததா, கூட்டத்திலிருந்து வந்ததா, மாநகராட்சியே வைத்ததா என்று பிரித்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. கூட்டத்தின் குறிப்புகளையும் வந்தவர் எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் பதியலாம். எனவே இதைக் கூட்டத்துக்கு மாற்று என்று எடுத்துக்கொள்பவர் ஏமாந்துபோவார்; கூட்டத்தின் நினைவேடு என்று எடுத்துக்கொள்பவருக்குப் பயன் கிட்டும்.

குறை சொல்லாமல் விட முடியாத ஒரு நிகழ்வு உண்டு. தளம் திறக்கப்பட்ட அதே 2016-இன் செப்டம்பரில், பார்சலோனாவின் பொப்ளநோவு பகுதியில் தெருக்கள் சூழ்ந்த சில கட்டடத் தொகுதிகளை ஒன்றாக்கி, உள்ளே வாகன ஓட்டத்தைக் குறைக்கும் ‘சூப்பர் பிளாக்’ திட்டம் நடைமுறைக்கு வந்தது. திட்டம் நல்லது; இன்று பல நகரங்கள் அதைப் பார்த்து வர ஆள் அனுப்புகின்றன. ஆயினும் அங்கே குடியிருந்தவர்கள் பலர், எங்களைக் கேட்காமலே செய்துவிட்டீர்கள் என்று எதிர்த்து அமைப்பாகத் திரண்டார்கள். பிறகு பேச்சு நடந்தது, மேசைகளும் விளையாட்டிடங்களும் மரங்களும் வந்தன, கோபமும் மெல்லத் தணிந்தது. கையில் உலகின் மிகச் சிறந்த கருத்துக் கேட்புக் கருவி இருந்தும், எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதை மாநகராட்சிதான் முடிவு செய்தது. ‘நாம்’ என்பது ‘நாங்கள்’ ஆக நழுவும் இடம் அதுவே. இதை எந்த நிரலும் தடுக்காது. மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஏற்க வேண்டிய ‘சமூக ஒப்பந்தம்’ ஒன்றை இதன் சமூகத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்; வெளிப்படைத்தன்மையும் பதில் சொல்லும் கடமையும் அதில் உள்ளன. நல்ல ஆவணம்தான். மீறினால் தண்டிக்க யாரும் இல்லை.

நிறுவுவது பற்றிச் சுருக்கமாக. இந்த மென்பொருள் எழுதப்பட்டிருக்கும் ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்ற நிரலாக்கச் சட்டகம் தெரிந்த ஒருவராவது இல்லாமல் இதைத் தொடாமல் இருப்பது நலம். நிர்வாகப் பலகத்தில் செயல்முறைகள், கட்டங்கள், கூறுகள், மன்றங்கள் என்று அடுக்கடுக்காக விரிவதைப் பார்த்து, ஒரு வார்டுக்குக் கருத்துக் கேட்க நினைத்தவர் மிரண்டுபோகலாம். ஆளை உறுதி செய்ய அடையாள ஆவணம், குறுஞ்செய்தி, வீட்டுக்கு வரும் கடிதத்திலுள்ள குறியீடு எனப் பல வழிகள் உள்ளன. கடித வழி மெதுவானது என்றாலும், தொலைபேசி எண்ணைத் தரத் தயங்குபவருக்கு அதுவே உகந்தது.

நகராட்சி ஒன்று என்னிடம் கேட்டால், எடுத்துப் பயன்படுத்துங்கள் என்றே சொல்வேன். ஆனால் முதலில் பார்சலோனாவின் தளத்துக்குப் போய் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடச் சொல்வேன். உள்நுழையத் தேவையில்லை, மொழியை உலாவியே ஓரளவு பெயர்த்துத் தரும். ஏற்கப்பட்டவற்றை விட்டுவிட்டு, நிராகரிக்கப்பட்டவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அலுவலர் எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். உங்கள் அலுவலகத்தில் அதை எழுதப்போவது யார் என்று ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், அதற்குப் பிறகு சர்வர் வாங்கலாம்.