மகாஓயாவா, கன்னியாவா: வெந்நீர் ஊற்றுக்கு ஒரு சொகுசு நாள்

மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டத்து மகாஓயா வெந்நீர் ஊற்றுக்குச் செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை வழியே போகலாம். விடிய வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குள் குளித்து முடிக்கலாம். கன்னியா திருகோணமலைக்கும் அப்பால். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு.

உண்மையான வேறுபாடு சூட்டில்தான். கன்னியாவின் ஏழு சிறு சதுரக் கிணறுகளில் நீர் இளஞ்சூடாக இருக்கும், கிணற்றுக்குக் கிணறு சற்று மாறும். வாளியால் அள்ளி நேரே தலையில் ஊற்றலாம். மகாஓயாவில் சில கிணறுகள் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த நீரை நேரே மேலில் ஊற்றினால் தோல் வெந்துபோகலாம். பெரிய வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுநீர்; முழங்கையை வைத்துப் பார்த்து, காலிலிருந்து மேலே ஊற்றுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் இருந்து இளநீர் குடியுங்கள். வெறும் வயிற்றோடு வெயிலில் நீண்ட நேரம் சுடுநீர் ஊற்றினால் தலைசுற்றல் வரலாம். கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் வைத்தியரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சொகுசு இரண்டிலும் நாம் கொண்டுபோவதுதான்: ஏசி வான், ஆளுக்கு இரண்டு துவாய், மாற்றுச் சாரம், வாழையிலைச் சோற்றுப் பார்சல்.

ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருவோரால் கன்னியா நிறைந்துவிடும். ஆறுதலாகக் குளிக்க அந்த நாள் சரிவராது. வயதான அம்மா, அப்பாவுக்குக் கன்னியாவின் மென்சூடே நல்லது. மற்றவர்களுக்கு மகாஓயாவே எங்கள் தேர்வு, பொழுதுபடமுன் திரும்பினால். அந்தப் பாதையில் யானை வரும்.