விரலா, ஊசியா, பந்தா: கழுத்துப் பிடிப்புக்கு டர்பனில் எதை நாடுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தையல் ஆலைகளில் ஆண்டுக்கணக்காகக் குனிந்து உழைத்த பெண்களைக் கேளுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். கணினி முன் உட்காரும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே இடம்தான். அழுத்தினால் புளியங்கொட்டைபோல் விரலடியில் உருளும். வலியோ கழுத்தோரமாக ஏறி நெற்றிப்பொட்டைத் தொடும். டிரிக்கர் பாயின்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த முடிச்சைத்தான். இதைத் தீர்க்கச் சிகிச்சையாளர் விரலால் அழுத்தும் கைச்சிகிச்சை, உலர் ஊசி, சுவரோரப் பந்து, வீட்டு எண்ணெய்த் தேய்ப்பு என்று நான்கு வழிகள் நம் முன்னால் இருக்கின்றன. காசுக்கு எது தகும்?

என் ஓட்டு முதலில் கைக்குத்தான். ஆனால் பலர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. கைச்சிகிச்சையின் உண்மையான மதிப்பு அழுத்துவதில் இல்லை, இடத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தோளின் முன்பக்கம் குடைகிறது என்று போகிறவருக்குக் குற்றவாளி தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசையாக இருக்கலாம். பிட்டத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசை காலின் வெளிப்புறம் முழுவதும் வலியை இறக்கிவிட, அதை நரம்பு வலி என்று நம்பி அலைபவர்கள் உண்டு. வலி தெரியும் இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தால் எத்தனை மாதமானாலும் பலன் இராது.

எந்தத் தசை எங்கே வலியை இறக்கும் என்று காட்டும் வரைபடங்களைப் பொறுமையாகத் தொகுத்தவர் ஜேனட் டிராவெல். 1961-இல் அதிபர் கென்னடியின் மருத்துவரானவர். அமெரிக்க அதிபருக்குத் தனி மருத்துவராக அமர்ந்த முதல் பெண். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1983-இல் வந்தது. அப்போது முடிச்சில் இரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு அழுத்தச் சொன்னார்கள். 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது மாறியது: தசை எதிர்க்கும் எல்லைவரை மட்டும் அழுத்தி, அது இளகும்வரை காத்திருந்தால் போதும். 'அலற அலற அழுத்தினால்தான் கை ராசி' என்று நம்பும் நம் பெரியவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். முக்கால் நிமிடம், ஒரு நிமிடம், பொறுக்கக்கூடிய அழுத்தம், பிறகு நீட்டல் பயிற்சி. இந்தப் பயிற்சியைச் சொல்லித்தராமல் அனுப்புகிறவரிடம் நான் இரண்டாம் முறை போகமாட்டேன்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒரே நோயாளியைத் தனித்தனியே தொட்டுப் பார்க்கும் இரு நிபுணர்கள் ஒரே முடிச்சைச் சுட்டுவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. முடிச்சுதான் வலிக்குக் காரணம் என்ற கோட்பாடே தவறு என்று 2015-இல் ஜான் குவின்ட்னரும் இரு சக ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். ஆய்வுகளில் தெரியும் பலனும் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கானது. ஆகவே 'வேரோடு குணம்' என்று விளம்பரம் செய்பவரைக் கண்டால் விலகி நடப்பது நல்லது.

உலர் ஊசி என்பது மருந்தில்லாத மெல்லிய ஊசியை முடிச்சுக்குள்ளேயே செலுத்துவது. தசை ஒருகணம் வெட்டித் துள்ளும்; பிறகு ஓரிரு நாள் கன்றிய வலி இருக்கும். தைப்பூசத்துக்கு முதுகெல்லாம் கொக்கி மாட்டிக் காவடி எடுக்கிறவர்கள் இந்த ஊசியைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். வலிக்குறைப்பில் கையும் ஊசியும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிற்கின்றன. விரல் எட்டாத ஆழத் தசைகளுக்கு ஊசி கைகொடுக்கும். ஆனால் தோளின் மேற்பகுதிக்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது; அரிதாக என்றாலும் ஊசி அதைத் துளைத்துவிட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கை போதுமானபோது ஊசிக்குப் போக நான் காரணம் காணவில்லை.

பந்துக்குச் செலவே இல்லை. டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் இடையே வைத்துச் சாய்ந்தால் போதும். இடம் தெரிந்தவருக்கு அது அருமையான கருவி, தெரியாதவருக்கு வெறும் பந்து. கழுத்தின் முன்புறத்தில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே முக்கிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எண்ணெய்த் தேய்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுகமாக இருக்கும், உறக்கம் வரும், அதுவே ஒரு பலன்தான்.

எனவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது: ஓரிரு முறை தேர்ந்த கையிடம் போய் இடத்தையும் பயிற்சியையும் கற்றுக்கொண்டு, மிச்சத்தைப் பந்திடம் விடுவது. இங்கே பிசியோதெரபிஸ்டைப் பார்க்க மருத்துவரின் கடிதம் கட்டாயமில்லை. மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. மன்றத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டர்களுக்கும் மசாஜ் சிகிச்சையாளர்களுக்கும் ஏ.எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தனி மன்றம் உண்டு. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்னதாகவே கேட்டுவிடுங்கள். திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். அரசு மருத்துவமனையில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலும் எடைக் குறைவும் கூடவே வந்தாலோ இந்த நான்கில் எதையும் தொடாமல் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சுத் தசையின் முடிச்சும் இடது கைவரை வலியை இறக்கும், மாரடைப்பும் இறக்கும். சர்க்கரையும் இதய நோயும் மலிந்த நம் குடும்பங்களில் அந்த வலிக்கு யாரும் தைலம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112.